மில்லடியில் சூசை கட்டிய வீடு

மகனே,

கொழும்பிலிருந்து நீ எழுதிய கடிதமும், அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த வீட்டுப் படமும் கைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மாடிப்படி எந்தப் பக்கம் ஏற வேண்டும், மேலே எத்தனை சன்னல், கீழ்ப்பகுதியைத் துறைமுக ஆபீஸ்காரர் யாருக்காவது வாடகைக்கு விட்டால் வாசலை எப்படிப் பிரிக்கலாம் என்றெல்லாம் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருந்தாய். கல்யாணத்துக்குள் மாடி எழும்ப வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் புரிகிறது. பதில் எழுதத் தாமதித்ததற்கு என் உடம்பு காரணமில்லை. நீ மாடி கட்ட நினைக்கிற வீடு இப்போது நம்முடையது இல்லை. அது எப்படி நம் கையை விட்டுப் போனது என்பதை ஒரு வரியில் எழுதிவிட முடியும். ஆனால் அது எப்படி நம் கைக்கு வந்தது என்பதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் இந்த வருஷம்தான் சொன்னேன். கோபம் வரும். வரட்டும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

மில்லடி என்ற பெயரையே இப்போது அங்கே யாரும் சொல்வதில்லை. பஸ் கண்டக்டர் ‘காலனி’ என்றுதான் கூவுகிறான். தூத்துக்குடித் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கிறவர்கள் பாதிப்பேர் அங்கே குடிவந்துவிட்டார்கள். காலையில் அவர்கள் குடையும் சோற்றுப் பாத்திரமுமாக பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால், அந்த இடம் ஒரு காலத்தில் தனக்கென்று வேலையும் சந்தையும் சண்டையும் கொண்ட தனி ஊராக இருந்தது என்று நம்ப முடியாது. பஞ்சு எடை போட்ட கொட்டகை இப்போது பள்ளிக்கூடம். பஞ்சுப் பேல் அடுக்கிய பெரிய கிட்டங்கியில் ரேஷன் அரிசி கிடக்கிறது. புகைபோக்கியை மட்டும் இடிக்க ஆளில்லாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அது எதற்கு அங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி உன் அம்மாவிடம், “முந்தி இங்கன ஏதோ செங்கச் சூளை இருந்துச்சாமே?” என்று கேட்டாளாம்.

நான் அங்கே கிளார்க்காகப் போன நாளில் சுற்றிலும் உடைமரக் காடுதான். நடுவில் மில். அதன் மதிலை ஒட்டி நாலு வரிசை லைன் வீடுகள், ஒரு டீக்கடை, ஒரு பிள்ளையார், மாதா சிலை வைத்து ஓலை வேய்ந்த ஒரு கெபி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலிருந்து பருத்தி வண்டி வண்டியாக வரும். பெண்கள் கொட்டை நீக்குகிற பகுதியில் நிற்பார்கள். ஆண்கள் பிரஸ்ஸில் பஞ்சை அழுத்தி இரும்புப் பட்டை போட்டுப் பேலாகக் கட்டுவார்கள். பேல் மாட்டு வண்டியில் துறைமுகம் போய், தோணியேறி, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கிற ஜப்பான் கப்பலுக்குப் போகும். மில் சங்கு ஊதினால்தான் அடுப்பு எரியும், சங்கு ஊதினால்தான் சோறு இறங்கும். எல்லார் தலையிலும் பஞ்சுத் தூசி படிந்து, இளவட்டங்கள்கூட நரைத்தவர்கள் மாதிரி வீடு திரும்புவார்கள். அந்த ஊரை நான் உயர்த்திச் சொல்லவில்லை. அங்கே இருமாத வீடு கிடையாது. உன் தங்கை குழந்தையிலேயே மூச்சு முட்டிப் போனது அந்தத் தூசியால்தான் என்று உன் அம்மா இன்றும் சொல்கிறாள். ஆனாலும் அத்தனை குடும்பங்களும் அதை நம்பித்தான் இருந்தன. அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று உனக்கு விளங்காது.

சூசையை உனக்கு நினைவிருக்கும். பிரஸ்ஸில் மேஸ்திரியாக இருந்தான். பெரியதாழைக்காரன், கடலில் பிறந்து வளர்ந்தவன். கடலுக்குப் போகிற மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று ரோசம்மாள் ஒரே பிடியாக நின்றதால், வலையைத் தம்பி அந்தோணியிடம் கொடுத்துவிட்டு மில்லுக்கு வந்தவன். லைன் வீட்டில் நமக்கு அடுத்த கதவு அவனுடையது. உன் தங்கை போன அன்று குழி வெட்டியது அவன்தான். ஆட்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் அண்ணாச்சி, சின்னக் குழிதானே” என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்குக்கூட அன்று அழுகை வரவில்லை.

அவனுக்குச் சொந்த வீடு என்று ஓர் ஆசை. லைனுக்கு மேற்கே கொஞ்சம் இடம் வாங்கி, வேலை இல்லாத நேரமெல்லாம் தானே நின்று கட்டினான். கடல் கல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்குவான். சுண்ணாம்பு குழைப்பது ரோசம்மாள். இரண்டு வருஷத்தில் சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் அந்தோணி கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி ஒன்றில் பங்கு வாங்கினான், அண்ணனையும் சேரச் சொல்லி ஆள் அனுப்பினான். சூசை கையில் இருந்ததை வைத்து ஓடு வாங்கலாம், இல்லையென்றால் தோணியில் பங்கு வாங்கலாம். இரண்டையும் செய்ய முடியாது.

ஒருநாள் மத்தியானச் சங்கு ஊதி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், அவன் சாப்பிடாமல் ஆபீஸ் சன்னல் பக்கம் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுவியளா?”

“கேளுலே.”

“அந்தோணி கூப்பிடுதான். கப்பல் வரத்து கொறைஞ்சுட்டுன்னு ஆளுக்கொண்ணு பேசுதாவ. மில்லு நிக்கும்னா நான் வீட்டை மொட்டையா விட்டுட்டு அவன்கூடப் போயிருதேன். ஓடும்னா ஓட்டைப் போட்டுட்டு இங்கனயே கெடந்துருவேன். ஆபீஸ்ல இருக்கிற ஆளு நீங்க. மில்லு ஓடுமா?”

மில் நிற்கப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஜப்பானுக்குச் சரக்கு அனுப்புவது நின்றுவிட்டது, கிட்டங்கியில் கிடக்கிற பேலைத் தள்ளியதும் கதவைச் சாத்த வேண்டும் என்று மேலிடத்துக்குப் போன கடிதத்தை டைப் அடித்தவனே நான்தான். அடித்துப் பதினொரு நாள்கூட ஆகவில்லை. மானேஜர் துரை அன்று கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, வெளியே ஒரு சொல் போகக் கூடாது என்றார். துறைமுகத்தில் ஒரு ஏஜென்சி ஆபீஸில் எனக்கு இடம் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். இரண்டையும் சேர்த்து ஏன் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

நான் சூசையின் முகத்தைப் பார்த்து, “ஓடும்லே. ஓட்டைப் போடு” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் உண்டு. அதை மட்டும் சொன்னால் நீ என்னை மன்னித்துவிடுவாய், அது முழு உண்மையும் இல்லை. “எனக்குத் தெரியாதுலே” என்று சொல்லியிருக்கலாம். “தம்பி கூப்பிட்டா போயேன்” என்று பட்டும் படாமலும் சொல்லியிருக்கலாம். மேஸ்திரி வேலையை விட்டுப் போனால், ஏன் போகிறான் என்று மற்றவர்கள் கேட்பார்கள், கடைசியில் அது ஆபீஸ் சன்னலில் வந்து நிற்கும் என்று அந்த ஒரு நொடியில் என் மனம் கணக்குப் போட்டது. அவன் ஊரைவிட்டே போய்விட்டால் எனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் தோன்றியது. இது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். பாசமும் பயமும் சேர்ந்துதான் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தன. உன்னை நம்பி ஒருவன் நேராக வந்து கேட்கும்போது, உனக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியாது என்றாவது சொல். அவன் அதிலிருந்தே புரிந்துகொள்வான். நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

ஓடு வந்தது. ரோசம்மாள் பாயாசம் வைத்து லைன் முழுக்கக் கொடுத்தாள். நீயும் குடித்தாய். மூன்று மாதத்தில் ஒரு காலை சங்கு ஊதவில்லை. கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதையும் நான்தான் டைப் அடித்திருந்தேன். வாசிக்கத் தெரியாத பெண்கள் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தேன். யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் மட்டும், “நாளைக்கு ஊதுவாவளா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அந்த ஊர் கலைந்த வேகத்தை நீயே பார்த்தாய். சிலர் உப்பளத்துக்குப் போனார்கள், சிலர் டவுனில் சுமை தூக்கப் போனார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பேச்சு வந்ததும் மிச்சம் இருந்தவர்களும் உள்நாட்டுக்கு ஓடினார்கள். லைன் வீடுகளில் ஆடு படுத்தது. அப்போது மில்லடியில் ஓடு போட்ட வீடு என்றால் யாருக்கும் வேண்டாம். சூசை ஒரு வருஷம் உப்பளத்தில் நின்று, காலெல்லாம் வெடித்து, முடியாமல் பெரியதாழைக்கே திரும்ப முடிவு செய்தான். தோணியில் பங்கு அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டது. எனக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது. “நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வேத்தாளுக்குப் போகுததுக்கு உங்களுக்குப் போகட்டும்” என்றான். கிடைத்த விலைக்கு வாங்கினேன், அவனுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு. சாவியைக் கொடுக்கும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். என் வாழ்க்கையில் என்னைத் திட்டியவர்கள் பலர் உண்டு. அந்த நன்றி மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. ஆனால் அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அந்தோணியின் தோணி கொழும்புக்குப் போகிற வழியில் கவிழ்ந்தது. அவன் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. துறைமுகத்தில் அந்தச் செய்தி கேட்டபோது எனக்கு முதலில் வந்த நினைப்பை எழுதவே கை கூசுகிறது. சூசையைப் போகவிடாமல் வைத்தேனே, அவன் உயிர் தப்பியது என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் அன்றைக்கு இறங்கியது மாதிரி இருந்தது. ஒருவன் செத்த செய்தியில் எனக்கு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் அந்த வீட்டில் உண்டேன், உறங்கினேன். நீ கொழும்புக்குப் போனாய், சுதந்திரம் வந்தது, பஸ் வந்தது, விளக்குக் கம்பம் நட்டார்கள், ஊர் பெயர் மாறியது. யாருக்கும் வேண்டாத வீட்டுக்கு ஆள் மேல் ஆள் வந்து விலை கேட்டார்கள். அந்த வீட்டைப் பார்த்துத்தான் ஓட்டப்பிடாரத்துக்காரர் உனக்குப் பெண் கொடுக்கவே முன்வந்தார்.

புரட்டாசியில் நிச்சயம் முடிந்ததும் முதல் பத்திரிகையை சூசைக்குக் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். திருச்செந்தூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வண்டி பிடித்து, கடைசியில் செம்மணலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத்தான் போனேன். அவன் ஓலைப் பந்தலுக்குள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பழக்கத்தில் அது பஞ்சுத் தூசி என்றே எனக்கு ஒரு கணம் பட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

“பயலுக்குக் கலியாணமா? ஏளா ரோசம்மா, இங்கன வா, ஆரு வந்திருக்காவன்னு பாரு!”

பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கருப்பட்டிக் காப்பி வந்தது. பேச்சுவாக்கில் அந்தோணியைப் பற்றி வந்தது. சூசை தலையை ஆட்டிக்கொண்டு சொன்னான்:

“எல்லாம் ஆண்டவர் கணக்கு அண்ணாச்சி. அன்னைக்கு உங்க வார்த்தையைக் கேட்டேன், உசிரோட இருக்கேன். இல்லேன்னா நானும் அவன்கூடப் போய்ச் சேந்திருப்பேன். மில்லு நின்னதுக்கு நீங்க என்ன செய்விய, எங்களை மாதிரி நீங்களும் ஏமாந்திய.”

மகனே, அந்த இடத்தில் நான் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். வெளியே வெயில் தணிந்துகொண்டிருந்தது, வண்டிக்காரன் காத்துக்கொண்டிருந்தான். ஆனால் நான் தனியாக வைத்துக்கொண்டிருந்த அந்தச் சமாதானத்தை அவன் வாயாலேயே கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. “நான் ஏமாறலலே, சூசை. எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

“என்ன தெரியும்?”

“மில்லு நிக்கப்போவுதுன்னு தெரியும். நீ கேக்கதுக்கு முன்னாலயே தெரியும். அந்தக் கடுதாசியை நான்தான் அடிச்சேன்.”

அவன் வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். கோபம் முகத்தில் வரவில்லை. தனக்குத்தானே பேசுகிறவன் மாதிரி மெதுவாகப் பேசினான்.

“நான் கூட இருந்திருந்தா அன்னைக்கு அந்தத் தோணி கெளம்பியிருக்காது அண்ணாச்சி. அந்தோணிக்குச் சரக்கு தெரியும், யாவாரம் தெரியும். காத்து தெரியாது. காத்து எனக்குத்தான் தெரியும். சின்னதுலேருந்தே அவன் என்னையக் கேட்டுத்தான் கட்டுமரம் தள்ளுவான். அன்னைக்குக் காலையில கெழக்க இருந்து வந்த கொண்டக்காத்து திரும்பின திருப்பைக் கரையில நின்னு பாத்தேன். இன்னைக்கு ஒருத்தனும் போகக்கூடாதுன்னு வாய்விட்டே சொன்னேன். அவன் தூத்துக்குடியில இருந்து கெளம்பிட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் செத்திருப்பேன், நானும் செத்திருப்பேன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் மனசை ஆத்தினேன். பொய்யி. நான் இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்.”

எழுந்து கடலைப் பார்க்க நடந்துவிட்டான். நானும் எழுந்தேன். ரோசம்மாள் வாசலை மறித்து நின்று, “அவிய பெறத்தால போகாதிய. வண்டி நிக்கி, ஏறிப் போங்க அண்ணாச்சி” என்றாள். அவள் என்னை அண்ணாச்சி என்று அப்போதும் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்திரிகை மணலில் கிடந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷத்தில் அவளிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான் என்று சொன்னபோது, “ஒண்ணுதான்னு நான் எப்படி நம்புதது?” என்று கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வரும்போது பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். “எங்கே?” என்றேன். “வாடகைக்கு வீடு பாருங்க. இது அவிய வீடு” என்றாள். வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது நானில்லை, அவள்தான். அந்தப் பெருமை எனக்கு வர வேண்டாம். நீ இப்போது கல்யாணத்தை எதிர்நோக்கி இருக்கிறாய். அந்தப் பெண்ணிடம் முதல் வருஷத்திலேயே எதையாவது மறைத்துவிட்டால், பிறகு அதைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே நீ பல நாள் பேசவேண்டி வரும். நான் அப்படிப் பேசியிருக்கிறேன். அது களைப்பான வேலை.

நான் மறுபடி பெரியதாழைக்குப் போனேன். சூசை வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டே வீட்டைத் தருகிறேன் என்று சொன்னேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “எனக்கு வேண்டாம். அந்த வீட்டுல எனக்கு உறக்கம் வராது.” ரோசம்மாள்தான் வெளியே வந்து, கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கையால் காட்டினாள். அந்தோணியின் மனைவி சலேத்தம்மாள். இரண்டு பெண் பிள்ளைகள். கணவன் போனபின் அடுத்தவர் கருவாட்டுப் பட்டறையில் மீனுக்கு உப்பு போட்டுத்தான் அவர்களை வளர்த்திருக்கிறாள். “குடுக்கணும்னா அவளுக்குக் குடுங்க” என்றாள் ரோசம்மாள்.

சலேத்தம்மாளிடம் போய், மில்லிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வீடு குடுக்கேன்னு சொல்லுதிய. வாங்கிக்கிடுதேன். எனக்குப் பொம்பளப் புள்ளைய இருக்கு, வேண்டாம்னு சொல்லுத நெலமையில நான் இல்ல. ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு எதிர்பாக்காதிய. அது எனக்கு வந்தா நானே சொல்லுதேன்.”

“சரி தாயி” என்றேன்.

“அங்கன பள்ளிக்கூடம் இருக்கா?”

“இருக்கு. வீட்டுல இருந்து கூப்பிடுத தூரம்.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு மறுபடி மீனைப் புரட்டக் குனிந்தாள்.

பத்திரம் அவள் பெயருக்குப் பதிவாகிவிட்டது. உன்னைக் கேட்காமல் செய்தேன். கிணற்றுக்கு உறை இறக்கவும் சுவருக்குப் பூச்சு வைக்கவும் நீ அங்கிருந்து அனுப்பிய உழைப்பு அதில் இருக்கிறது, அது எனக்கு மறக்கவில்லை. கேட்டிருந்தால் நீ ஒருவேளை வேண்டாம் என்றிருப்பாய். பிறகு நான் உன்மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. என்னை எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காக நீ எத்தனை நாள் என்மேல் வருத்தப்பட்டாலும் நியாயம்தான்.

பெண் வீட்டாருக்கும் நானே போய்ச் சொன்னேன். உன் வருங்கால மாமனார் ஓட்டப்பிடாரத்தில் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பத்திரம் எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

“அப்ப சொல்லுததுக்கு வந்திருக்கிய. கேக்கதுக்கு வரல.”

அவர் பேச்சில் எரிச்சல் இருந்தது. பெண்ணைப் பெற்றவர், இருக்கத்தானே செய்யும். பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. அந்தப் பத்து நாளும் உன் வாழ்வையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனோ என்று நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். பதினோராம் நாள் அவர் தம்பி வந்தார். தை மாதம் குறித்த நாளிலேயே கல்யாணம் நடக்கட்டும், ஆனால் தம்பதி தனிக்குடித்தனமாகக் கொழும்புக்கே போய்விட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பெண்ணே அப்படிச் சொன்னாளாம். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. வீட்டைப் பற்றி உன் மனதில் என்ன இருக்கிறதோ, அதை உள்ளபடி எழுது.

நாங்கள் இப்போது பழைய லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டாவது வரிசை. ஒரு பக்கம் ரயில்வே பார்சல் கிளார்க், இன்னொரு பக்கம் ஒரு வாத்தியார். உன் அம்மாவுக்கு அடுப்பங்கரை போதவில்லை, திட்டிக்கொண்டே சமைக்கிறாள். ஆனால் இருமல் இப்போது குறைந்திருக்கிறது. சலேத்தம்மாள் இன்று காலைதான் குடிவந்தாள். சாமான் ஏற்றிய வண்டியோடு சூசையும் வந்திருந்தான். நான் ஒத்தாசைக்குப் போய் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு பெட்டியின் ஒரு முனையை அவன் தூக்கினான், மறுமுனையை நான் தூக்கினேன். பெட்டியை உள்ளே வைத்ததும் அவன் வெளியே போய்விட்டான். அந்தப் பெண் பிள்ளைகள் இரண்டும் சன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா எல்லாருக்கும் சோறு கொண்டுவந்தாள். சூசை சாப்பிட்டான். அவளிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசினான்.

கல்யாணத்துக்கு அவன் வருவானா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அவன் புறப்படும்போது உன் அம்மாதான் பேச்சுக் கொடுத்தாள். மார்கழிக் கடைசியில் நீ வரப்போகிறாய், கல்யாணச் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு தெரிந்தவர் தோணி ஒன்றிலேயே வருவதாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னாள். வண்டியில் ஒரு காலை வைத்திருந்த சூசை இறங்கினான். கிழக்கே பார்த்தான். பிறகு, இத்தனை நாளைக்கப்புறம் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“தோணியில வரவேண்டாம்னு எழுதுங்க அண்ணாச்சி. இந்த வருசம் வாடை சரியில்ல, மார்கழி முடியிற வரைக்கும் அடங்காது. சாமானை வேணும்னா பெறவு ஏத்தி விடலாம். பயலைத் தலைமன்னார் போயி, கப்பல் ஏறி, தனுஷ்கோடி வழியா ரயில்ல வரச் சொல்லுங்க. இன்னைக்கே எழுதுங்க.”

அதனால்தான் இதை இன்றே எழுதுகிறேன். ரயிலில் வா.

உன் அப்பா